ஆன்மா, காலம், உடல்: ஜேர்மனிய மெய்யியலும் எமது மெய்யியலும் - ஓர் ஒப்பியல் நோக்கு

"நான் யார்?" என்ற வினா ஞானிகளுக்கும் பண்டிதர்களுக்கும் மட்டும் உரியதன்று. "எனக்கு மேலுக்குச் சுகமில்லை", "என்ரை மனம் ஒரு நிலையில இல்லை", "என்ரை காலம் முடியப்போகுது" என்று நாம் நாளாந்தம் பேசுகின்றோம். இவ்வாறு பேசும் ஒவ்வொரு முறையும் உடலையும் மனத்தையும் காலத்தையும் தனக்கு உரியனவாகச் சொல்லிக்கொள்ளும் ஒன்று அங்கே வந்து நிற்கின்றது. அந்த ஒன்று எது? அதற்கும் உடலுக்கும் என்ன தொடர்பு? காலம் அதனைக் கட்டுப்படுத்துமா? இவ்வினாக்களை உபநிடத முனிவர்களும் புத்தரும் நியாய வைசேடிகரும் மெய்கண்ட சாத்திர ஆசிரியர்களும் நெடுங்காலம் ஆராய்ந்தனர். மேலைத்தேயத்தில் இவற்றை மிக ஆழமாக ஆராய்ந்தவர்கள் ஜேர்மனியர் எனலாம்.

ஜேர்மனி என்றதும் இன்று எமக்கு முதலில் நினைவுக்கு வருவது அங்கு வாழும் எமது உறவுகளே. ஹாம் நகரில் காமாட்சி அம்பாள் ஆலயம் 2002ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்டது. அங்கு பிறந்து வளரும் பிள்ளைகள் உயர்வகுப்புகளில் கான்ற், நீட்சே முதலியோரின் பெயர்களைக் கேள்விப்படுகின்றார்கள். அப்பிள்ளைகளில் ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வந்து, "அம்மம்மா, நாங்கள் ஆன்மா எண்டு சொல்லுறது என்ன?" என்று கேட்டால் விடை சொல்ல வேண்டியவர்கள் நாமே. அவ்வேளையில், "ஜேர்மன்காரர் எல்லாம் எங்கடை வேதத்திலிருந்து எடுத்ததுதானே" என்று சொல்லிக் கடந்துவிடுவது சிலரின் வழக்கமாகவுள்ளது. மலர்க் கட்டுரைகளிலும் இக்கூற்றைக் காண்பதுண்டு. இது உண்மையும் அன்று. எமது சாத்திரங்களுக்குப் பெருமை சேர்ப்பதும் அன்று. ஆதலால் வரலாற்றை முதலில் சுருக்கமாக நோக்குவோம்.

முகலாய இளவரசர் தாரா ஷிகோ 1657ஆம் ஆண்டு ஏறத்தாழ ஐம்பது உபநிடதங்களைப் பாரசீக மொழியில் பெயர்ப்பித்தார். இரு ஆண்டுகளின் பின் தம்பியாகிய ஒளரங்கசீப்பினால் அவர் கொல்லப்பட்டார். அப்பாரசீக நூலை அன்கெத்தில் டுபெரோன் என்ற பிரெஞ்சு அறிஞர் இலத்தீனுக்கு மாற்றி 1801, 1802ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். உபநிடதங்கள் ஐரோப்பிய மெய்யியலாளரின் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது இந்த நூலின் வழியாகவே. ஆனால் இம்மானுவேல் கான்ற் தமது பெருநூலாகிய 'தூய அறிவின் விமர்சனம்' என்பதை வெளியிட்டது 1781ஆம் ஆண்டிலாகும். அவர் 1804இல் காலமானார். எனவே கான்ற் உபநிடதங்களைப் படித்துத் தமது கொள்கையை அமைத்தார் என்பதற்கு இடமேயில்லை.

ஆர்தர் சோப்பன்ஹவரின் கதை வேறு. அவர் 1814ஆம் ஆண்டு வைமார் நகர நூலகத்தில் அந்த இலத்தீன் நூலை இரவல் பெற்றார். அன்றிலிருந்து வாழ்நாள் முழுவதும் அதனைத் தமது ஆறுதலாகப் போற்றினார். தாம் வளர்த்த நாய்களுக்கு 'ஆத்மா' என்று பெயரிட்டு அழைத்தார் என்பது எமக்குச் சிரிப்பைத் தரலாம். எல்லா உயிரிலும் இருப்பது ஒன்றே என்று நம்பிய ஒருவர் அப்பெயரை இகழ்ச்சியாக இட்டிருக்கமாட்டார். அவருடைய வழியில் வந்த போல் டொய்சன் வடமொழியை முறையாகக் கற்று 1897இல் அறுபது உபநிடதங்களை ஜேர்மன் மொழியில் பெயர்த்தார். இந்தியாவுக்கும் பயணஞ் செய்தார். நீட்சேயும் டொய்சனும் பள்ளித் தோழர்கள். மாறாக, ஹெகல் என்னும் பெரும் மெய்யியலாளர் 1827இல் பகவத்கீதை பற்றி எழுதியபோது இந்தியச் சிந்தனையில் தனிமனித சுதந்திரம் முளைக்கவில்லை என்ற கருத்துப்படவே எழுதினார். ஆகவே ஜேர்மனியரிலே எம்மைப் போற்றியவரும் உளர், குறைகூறியவரும் உளர், எம்மை அறியாமலே எமக்கு அருகில் வந்தவரும் உளர். இந்த மூன்றாம் வகையினரே ஒப்பியலுக்கு மிகவும் பயன்படுவர் என்பது எமது எண்ணம்.

சொல்லளவில் ஓர் உறவும் உண்டு. ஜேர்மன் மொழியில் மூச்சுக்கு 'ஆட்டெம்' என்று பெயர். வடமொழி 'ஆத்மன்' என்பதும் இதுவும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்பது மொழியியலாளர் முடிபு.

"நான்" என்பது எது?

சாந்தோக்கிய உபநிடதத்தின் எட்டாம் பகுதியில் வரும் கதை ஒன்றினை இங்கு நினைவுகூர்வது பொருத்தமானது. ஆன்மாவை அறிந்தவன் எல்லா உலகங்களையும் அடைவான் என்று பிரஜாபதி கூறியதைக் கேட்டுத் தேவர்கள் சார்பில் இந்திரனும் அசுரர்கள் சார்பில் விரோசனனும் அவரிடம் மாணாக்கராகச் சென்றனர். முப்பத்திரண்டு ஆண்டுகள் பிரமசரியம் காத்த பின்னர், நீர் நிறைந்த பாத்திரத்தில் உங்களைப் பாருங்கள் என்றார் பிரஜாபதி. நன்றாக உடுத்து அணிந்து அவர்கள் பார்த்தபோது, அலங்காரத்தோடு கூடிய தங்கள் உருவம் தெரிந்தது. இதுதான் ஆன்மா என்று விரோசனன் மகிழ்ந்து போய்விட்டான். உடலே ஆன்மா என்று அசுரர்களுக்குப் போதித்தான். இந்திரனோ பாதி வழியில் நின்று யோசித்தான். உடல் அழகாயிருந்தால் நிழலும் அழகாயிருக்கிறது. உடல் குருடானால் இதுவும் குருடாகும். உடல் அழிந்தால் இதுவும் அழியும். இதிலே எனக்கு என்ன பயன்? என்று திரும்பி வந்தான். அடுத்து, கனவிலே உலாவுபவனே ஆன்மா என்று சொல்லப்பட்டது. கனவிலும் அழுகை உண்டு, அச்சம் உண்டு என்று மீண்டும் திரும்பினான். பின்பு, கனவற்ற ஆழ்ந்த உறக்கத்தில் இருப்பவனே ஆன்மா என்று சொல்லப்பட்டது. அதற்கும் இந்திரன் இசையவில்லை. அவ்வேளையில் 'இது நான்' என்ற அறிவுகூட இல்லையே, அது இல்லாமற்போனதற்குச் சமமல்லவா என்று கேட்டான். இவ்வாறு நூற்றொரு ஆண்டுகள் காத்திருந்தே அவன் முடிவான உபதேசத்தைப் பெற்றான்.

இந்திரன் கேட்ட கடைசிக் கேள்வியை விட்டுவிடாமற் பிடித்துக்கொள்ள வேண்டும். 'நான்' என்ற உணர்வு கூடவே வராத ஒன்றை நான் என்று எப்படிச் சொல்வது? கான்ற் தமது நூலில் கூறுவதும் இதற்கு அண்மித்ததே. எமக்குள் தோன்றும் எந்த எண்ணமும் எம்முடையதாக வேண்டுமானால் 'நான் எண்ணுகின்றேன்' என்பது அதனோடு சேர்ந்து வரக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்றார் அவர். கோயில் மணியோசை, கற்பூர வாசனை, தீபத்தின் ஒளி ஆகிய மூன்றும் மூன்று புலன்கள் வழியாக வருகின்றன. இவை மூன்றும் ஒரே பூசையாக ஒருவருக்குத் தெரிவதற்குக் காரணம் அவற்றை ஒன்றாகக் கோக்கும் ஒரு 'நான்' இருப்பதேயாகும். மாலையில் நூல் போல என்று நாம் உவமை சொல்லலாம்.

இதுவரை இரு சாராரும் ஒரே வழியிற் செல்கின்றனர். அடுத்த அடியிலேதான் பிரிவு நேர்கின்றது. மாலையில் நூல் இருப்பதால் அந்த நூலைத் தனியாக உருவி எடுத்துப் பார்க்க முடியும். ஆனால் இந்த 'நானை' அப்படி எடுத்துப் பார்க்க முடியுமா? முடியாது என்றார் கான்ற். எல்லாவற்றையும் அறிவதற்கு முன்நிபந்தனையாக இருப்பதை, அறியப்படும் பொருள்களில் ஒன்றாக்க முடியாது. 'நான் எண்ணுகின்றேன்' என்பதிலிருந்து, அழியாத, பகுக்கமுடியாத ஆன்மா என்ற பொருள் ஒன்று உண்டு என்று தருக்கத்தால் நிறுவ முயல்வது பிழை என்பது அவருடைய கண்டிப்பான முடிபு. அவருக்கு முன்னிருந்த ஐரோப்பிய மெய்யியலாளர் பலர் அவ்வாறே நிறுவி வந்தனர்.

இப்போது எமது பக்கம் வருவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் ஆன்மா உண்டு என்பதை நிறுவுவதற்காகவே அமைந்தது. அதன் ஏதுக்களை எமது சொற்களில் கூறுவதாயின்: உடல் நானல்லேன், பொறி நானல்லேன் என்று ஒவ்வொன்றாக இல்லையென்று தள்ளும் அறிவு ஒன்று உண்டு. எனது உடல் என்று உடைமையாகச் சொல்வது ஒன்று உண்டு. ஒரு பொறி அறிவதை மற்றப் பொறி அறியாதிருக்க, ஐந்தையும் அறிவது ஒன்று உண்டு. கனவை விழித்தபின் சொல்வது ஒன்று உண்டு. உறக்கத்தில் மூச்சு ஓடிக்கொண்டிருந்தும் உண்பதும் தொழிற்படுவதும் இல்லை. ஆகவே மூச்சும் அதுவன்று. அறிவிக்க அறிவது ஒன்று உண்டு.

கான்ற் இந்தச் சூத்திரத்தைப் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "எனது உடல் என்கிறீர்கள், சரி. எனது உயிர் என்றும் சொல்கிறீர்களே, அப்படியானால் உயிருக்கு அப்பால் இன்னொரு சொந்தக்காரர் உண்டா?" என்று கேட்டிருப்பார். பேச்சு வழக்கை மட்டும் கொண்டு ஒரு பொருளை நிறுவ முடியாது என்பது நியாயமான தடையே. அந்த ஏது தனித்து நின்றால் பலங்குறைந்ததுதான் என்பதை நாம் ஒப்புக்கொள்வதில் தவறில்லை. ஆனால் ஐம்புலனையும் ஒன்றாக அறிதல் என்ற ஏது கான்ற் தாமே சொன்னதற்கு மிக அருகில் உள்ளது. கடைசி ஏதுவோ அவர் தொடாத இடத்தைத் தொடுகின்றது. சித்தாந்தத்தின்படி ஆன்மா தானாகவே எதனையும் அறியாது, அறிவிக்கவே அறியும். கண்ணுக்குப் பார்வை உண்டு. எனினும் சூரிய ஒளி வேண்டும், உள்ளிருந்து உயிர் காணவும் வேண்டும். அந்தக் கண் தன்னையும் காணாது, தன்னைக் காட்டும் உயிரையும் காணாது. இந்த உவமையைக் கான்ற் முதற்பாதி வரை ஒத்துக்கொள்வார். தன்னைத் தானே எட்டிப்பிடிக்க முடியாத ஒன்றே 'நான்' என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. காட்டுபவன் ஒருவன் உண்டு, அவன் காட்டக் காணலாம் என்று சித்தாந்தம் சொல்லும்போது, அது அறிவின் எல்லைக்கு வெளியே உள்ளது என்று சொல்லி அவர் நின்றுவிடுவார். நின்றாரேயன்றி மறுத்துவிடவில்லை. நம்பிக்கைக்கு இடம் ஒதுக்கவே அறிவுக்கு எல்லை கட்டியதாகத் தமது நூலின் 1787ஆம் ஆண்டுப் பதிப்பு முன்னுரையில் அவர் தெரிவித்தார்.

அத்துடன் அவர் நிற்கவுமில்லை. 1788இல் வெளிவந்த அடுத்த பெருநூலில், ஒழுக்கத்தின் முழுமையை ஒரு மனிதன் ஒரு வாழ்நாளில் எட்டிவிட முடியாது; ஆனால் எட்டவேண்டும் என்ற கடமை எமக்கு உண்டு; ஆதலால் முடிவற்றுத் தொடரும் முன்னேற்றத்துக்கு இடமளிக்க ஆன்மாவின் அழியாமையை ஏற்றுக்கொள்ள வேண்டியுள்ளது என்று வாதிட்டார். ஒரு பிறவி போதாது என்ற எமது எண்ணத்தின் நிழல் இதிலே தெரிகின்றதல்லவா? ஆனால் மறுபிறப்பு என்று அவர் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப உடல் எடுத்து வருதல் அவருடைய கணக்கில் இல்லை. இந்த இடைவெளி ஏன் முக்கியமானது என்பது உடல் பற்றிப் பேசும்போது தெரியவரும்.

டொய்சன் கான்ற்றையும் சங்கரரையும் அருகருகே வைத்து, கான்ற் கூறிய தோற்ற உலகமும் சங்கரரின் மாயையும் ஒன்றே என்றார். இது பலரைக் கவர்ந்த ஒப்பீடு. எனினும் இந்திய மெய்யியல் முழுவதும் உலகைப் பொய் என்கிறது என்ற எண்ணத்தை அது மேலைத்தேயத்தில் வளர்த்துவிட்டது. சைவசித்தாந்தத்தில் மாயை உள்பொருள், உலகுக்கு முதற்காரணம், குடத்துக்கு மண் போல. பௌத்தரோ நிலையான ஆன்மாவையே மறுத்தனர். 'இந்தியர் கருத்து' என்று ஒருமையிற் பேசும்போது இவற்றை மறத்தலாகாது.

காலம் வெளியேயா, உள்ளேயா?

காலம் ஓர் ஆறு போல, நாம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது என்றே எல்லோரும் எண்ணுகின்றோம். ஆங்கிலேய விஞ்ஞானி நியூட்டன் அவ்வாறே கொண்டார். எமது வைசேடிகரும் ஒன்பது திரவியங்களுள் ஒன்றாகக் காலத்தை எண்ணி, அது எங்கும் நிறைந்தது, நித்தியமானது என்றனர். இரண்டும் ஒரே பக்கம் நிற்பவை.

கான்ற் இதனைத் தலைகீழாக்கினார். காலம் வெளியிலுள்ள பொருளன்று. நாம் எதனையும் உணரும் முறை. எமது உள்ளுணர்வின் வடிவம் என்றார். பச்சைக் கண்ணாடி அணிந்தவருக்கு எல்லாம் பச்சையாகத் தெரிவது போல, எமக்குத் தெரிவன யாவும் முன் பின் என்ற ஒழுங்கிலேயே தெரிகின்றன என்று உவமையாகச் சொல்லலாம். ஆனால் இது கழற்ற முடியாத கண்ணாடி.

சைவசித்தாந்தத்தின் முப்பத்தாறு தத்துவங்களில் காலம் எங்கே வைக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். மண், நீர் முதலிய பூதங்களோடு அது வைக்கப்படவில்லை. வித்தியா தத்துவங்கள் ஏழில், நியதி, கலை, வித்தை, அராகம் ஆகியவற்றோடு சேர்த்து வைக்கப்பட்டுள்ளது. இவ்வைந்தும் பஞ்சகஞ்சுகம், அதாவது ஆன்மா அணியும் ஐந்து சட்டைகள் எனப்படும். காலம் என்பது ஆன்மாவை நெருங்கி ஒட்டிய ஒரு போர்வை. அதைப் போர்த்துக்கொண்டே அது உலகத்தை அனுபவிக்கின்றது. கான்ற்றின் கருத்துக்கு இது எவ்வளவு அருகில் உள்ளது! வேறுபாடும் தெளிவானது. மாயையிலிருந்து தோன்றியதாகையால் இந்தச் சட்டை கழற்றக்கூடியது. மலம் நீங்கிய ஆன்மாவுக்கு அது இல்லை.

மனவாசகங்கடந்தார் அருளிய உண்மைவிளக்கம் கடினமான செய்திகளை வினாவிடையாக எளிமைப்படுத்தித் தரும் சிறுநூல். காலம் என்ன செய்கிறது என்பதற்கு அது மூன்று தொழில்களைச் சொல்கின்றது. இறந்தகாலமாக நின்று எல்லை வகுக்கும். நிகழ்காலமாக நின்று பலனைத் தரும். எதிர்காலமாக நின்று புதுமையைத் தரும். இதனை எட்மண்ட் ஹுசெர்ல் என்ற ஜேர்மனிய மெய்யியலாளர் 1905ஆம் ஆண்டு நிகழ்த்திய விரிவுரைகளோடு சேர்த்துப் படித்தால் வியப்பு உண்டாகும். இவ்விரிவுரைகள் 1928இல் நூலாயின. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் இசை. எமக்குப் பழகிய நாதஸ்வரத்தையே வைத்துப் பார்ப்போம். திருவிழாவிலே வித்துவான் தோடி இராகத்தை ஆலாபனை செய்கின்றார். ஒரு கணத்தில் ஒலிப்பது ஒரு சுரம் மட்டுமே. முந்திய சுரம் போய்விட்டது. அடுத்தது இன்னும் வரவில்லை. அப்படியிருந்தும் எமக்குக் கேட்பது தனிச் சுரங்களல்ல, தோடி. எப்படி? போன சுரம் முற்றாகப் போகாமல் 'போனதாக' எமக்குள் பிடித்துவைக்கப்பட்டுள்ளது. வரப்போகும் சுரத்தை நோக்கி மனம் ஏற்கெனவே நீண்டிருக்கின்றது. ஆகவே 'இப்போது' என்பது ஊசிமுனை போன்ற புள்ளியன்று. போனதையும் வருவதையும் இரு கைகளால் பிடித்துக்கொண்டிருக்கும் ஓர் அகலம். எதிர்பாராத இடத்தில் வித்துவான் திரும்பும்போது "ஆகா" என்று தலையசைக்கின்றோமே, அந்தப் புதுமை எதிர்பார்ப்பு இருந்ததனாலேயே உண்டானது. எல்லை, பலன், புதுமை என்ற பழைய மூன்று சொற்களும் இந்த நாதஸ்வரத்தில் பொருந்துகின்றன. உண்மைவிளக்கம் வினைப்பயன் நுகர்ச்சியைப் பற்றியும் ஹுசெர்ல் அறிதலைப் பற்றியும் பேசுகின்றனர் என்பதையும் சொல்லவேண்டும். இரண்டும் ஒன்றேயென்று அடித்துக்கூறுவதற்கில்லை.

காலச்சக்கரம் பற்றியும் ஒரு வார்த்தை. நீட்சே 1881ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் சில்ஸ் மரியா என்ற மலையூரில் தங்கியிருந்தபோது, எல்லாம் அப்படியே மீண்டும் மீண்டும் நிகழும் என்ற எண்ணத்தை அடைந்தார். கலியுகம் 4,32,000 ஆண்டுகள், நான்கு யுகங்களும் சேர்ந்து 43,20,000 ஆண்டுகள் என்று எண்ணும் எமது யுகக் கணக்கோடு இதனை ஒப்பிடுவோர் உளர். ஒப்புமை மேலோட்டமானது. நீட்சேயின் எண்ணத்தில் இதே வாழ்க்கை, இதே துன்பம், இதே மாலைப்பொழுது எள்ளளவும் மாறாமல் திரும்ப வரும். அதை மனமார விரும்பி ஏற்க முடியுமா என்பதே அவர் வைத்த சோதனை. எமது பிறவிச் சக்கரத்திலோ வினைக்கேற்ப அடுத்த பிறப்பு மாறும். சக்கரத்திலிருந்து இறங்கவும் வழி உண்டு.

காலத்தையும் மரணத்தையும் சேர்த்துச் சிந்தித்தவர் ஹுசெர்லின் மாணவராகிய மார்ட்டின் ஹைடெகர். 'இருப்பும் காலமும்' என்ற அவருடைய நூல் 1927இல் வெளிவந்தது. (இவர் 1933இல் நாசிக் கட்சியிற் சேர்ந்தவர். கூர்மையான சிந்தனை ஒருவரை நல்வழியில் வைத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.) மனிதன் காலத்துக்குள் இருக்கும் பொருளன்று, காலமாகவே இருப்பவன் என்பது அவர் கருத்து. மரணம் கடைசியில் வந்து சேரும் ஒரு சம்பவமன்று. பிறந்த நாளிலிருந்தே எம்முடைய இருப்பின் வடிவம் அது. "எல்லோரும் ஒருநாள் சாகத்தானே வேணும்" என்று பொதுவாகச் சொல்லி, 'நான் சாவேன்' என்பதை நாம் மறைத்துக்கொள்கின்றோம். எனக்குப் பதிலாக வேறொருவர் என் மரணத்தை ஏற்க முடியாது. அதனை நேராக எதிர்கொள்பவனே தன் வாழ்வைத் தன்னுடையதாக வாழ்கிறான் என்றார்.

இதை வாசிக்கும்போது எமது மொழியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. காலம், காலன் என்று ஒரே சொல்லிலிருந்து நேரத்துக்கும் இயமனுக்கும் பெயர் வைத்திருக்கின்றோம். பத்திரிகையின் மரண அறிவித்தலில் 'காலமானார்' என்று அச்சிடுகின்றோம். ஹைடெகர் பல நூறு பக்கங்களில் எழுதியது அந்த ஒரு வினைச்சொல்லிலே ஒடுங்கிக்கிடக்கின்றது. ஆனால் மார்க்கண்டேயர் கதையோடு வைத்துப் பார்த்தால் இரு வழிகளும் பிரியும் இடம் தெரியும். பதினாறு வயது என்று நாள் குறிக்கப்பட்ட பிள்ளை மரணத்தை மறைத்துக்கொள்ளவில்லை, நேராகவே எதிர்கொண்டார். அதுவரை ஹைடெகர் சொன்னபடியே. எதிர்கொண்ட விதம் வேறு. தனித்து நின்று துணியவில்லை, இலிங்கத்தைக் கட்டிப்பிடித்தார். காலனை உதைத்ததால் இறைவனுக்குக் காலகாலன் என்று பெயர் வந்தது. ஹைடெகரின் மனிதனுக்குக் கட்டிப்பிடிக்க ஒன்றுமில்லை. அந்தத் தனிமையைப் பொய்யின்றி எழுதினார் என்பதற்காக அவரை மதிக்கலாம்.

உடல்: சிறையா, கருவியா, வாசலா?

கான்ற் நின்றுவிட்ட எல்லையைக் கடக்க உடலையே வாசலாகக் கொண்டவர் சோப்பன்ஹவர். 1818ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த அவருடைய பெருநூலில் உள்ள முக்கியமான கருத்து இது. உலகிலுள்ள எல்லாப் பொருள்களையும் நான் வெளியிலிருந்துதான் அறிகின்றேன். ஒரேயொரு பொருளை மட்டும் வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் அறிகின்றேன். அது எனது உடல். கையைத் தூக்குகின்றேன். வெளியே பார்ப்பவருக்கு அது ஓர் அசைவு. எனக்கு உள்ளே அது ஓர் இச்சை. இச்சை முதலில், அசைவு பின்னர் என்று இரண்டல்ல. ஒன்றேதான் இரு பக்கமாகத் தெரிகின்றது. ஆகவே எல்லாப் பொருள்களுக்கும் உட்பக்கம் இச்சையே என்று அவர் முடித்தார். விதை முளைப்பதும் கல் விழுவதும் அந்த இச்சையே.

இதனை உபநிடதத்தின் 'அது நீ' என்ற உபதேசத்தோடு அவர் இணைத்துக்கொண்டார். இவ்விடத்தில் அவரோடு உடன்பட முடியவில்லை. அவர் கூறும் இச்சை குருட்டுத்தனமானது, திருப்தியறியாதது, துன்பத்தையே விளைவிப்பது. உபநிடதம் கூறும் பிரமமோ அறிவும் ஆனந்தமுமானது. சோப்பன்ஹவரின் இச்சைக்கு எமது சாத்திரங்களில் இணை தேடுவதாயின் அதனைப் பௌத்தர் கூறும் வேட்கையிலும் சித்தாந்தத்தின் மலங்களிலும் தேடவேண்டும். நோயைச் சரியாகக் கண்டவர், அதையே உயிர் என்று எண்ணிவிட்டார் எனலாம்.

நீட்சே தொடக்கத்தில் சோப்பன்ஹவரைக் குருவாகக் கொண்டிருந்து பின்னர் பிரிந்தார். உடலை இகழ்வோரை அவர் கடுமையாகச் சாடினார். உடல்தான் பேரறிவு, நாம் அறிவு என்று பெருமை பேசுவது அதன் கையிலுள்ள சிறு கருவி என்றார். இந்து சமயம் உடலை வெறுப்பது என்று எண்ணுவோர் இதனை எமக்கு எதிரான கருத்தாகக் கொள்வர். திருமந்திரத்தை வாசித்தவர் அவ்வாறு எண்ணமாட்டார். உடம்பை இழிவாகக் கருதியிருந்த தாம் பின்னர் அதனுள் உறைபவனைக் கண்டு அதனைப் பேணத் தொடங்கியதைத் திருமூலர் தமது அனுபவமாகவே கூறுகின்றார். நீட்சே உடலைப் போற்றியது உள்ளே வேறொருவர் இல்லை என்பதற்காக. திருமூலர் போற்றியது உள்ளே ஒருவர் இருக்கின்றார் என்பதற்காக.

ஹுசெர்லின் மொழியில் உடலுக்கு இரு சொற்கள் உண்டு. 'கேர்ப்பர்' என்பது நிறையும் அளவும் கொண்ட பொருளாகிய உடல். கல்லுக்கும் அச்சொல் பொருந்தும். 'லைப்' என்பது உயிரோடு உள்ளிருந்து உணரப்படும் உடல். அவர் காட்டும் எளிய சோதனையை இப்போதே செய்து பார்க்கலாம். வலக்கையால் இடக்கையைத் தொடுங்கள். இடக்கை தொடப்படும் பொருளாக இருக்கின்றது. சற்றுக் கவனத்தை மாற்றினால் அந்த இடக்கையே தொடுகின்ற கையாகிவிடுகின்றது. மேசையைத் தொடும்போது இப்படி நிகழாது. தொடுவதும் தொடப்படுவதும் ஒன்றாகவிருக்கும் இடமே உயிருள்ள உடல். யாழ்ப்பாணத்தில் "மேல் நோகுது", "மேல் கழுவிப்போட்டு வா" என்று சொல்லும்போது நாம் குறிப்பது இந்த 'லைப்' என்பதையே. உயிர் போனபின் யாரும் அதனை 'மேல்' என்பதில்லை, பிரேதம் என்போம். தமிழில் 'மெய்' என்ற சொல் உடலுக்கும் உண்மைக்கும் பொதுவாக நிற்கின்றது. 'யாக்கை' என்றாலோ கட்டப்பட்டது என்று பொருள்படும். ஒரே மொழி ஒரு சொல்லில் உடலை உண்மை என்றும், மறுசொல்லில் கட்டு என்றும் சொல்கின்றது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது சித்தாந்தத்தின் தனித்தன்மை. தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கும், அதாவது உடலும் உட்கருவிகளும் உலகும் நுகர்பொருள்களும், இறைவன் உயிர்மேற் கொண்ட இரக்கத்தால் மாயையிலிருந்து ஆக்கிக் கொடுத்தவை. ஆணவ இருளில் ஏதும் அறியாது கிடந்த உயிருக்கு விடியும்வரை கையிற் கொடுத்த விளக்குப் போன்றது உடல். விளக்கு சூரியனாகாது, அது தரும் ஒளி சிறிது, சூரியன் உதித்தபின் அது தேவைப்படாது. அதற்காக நள்ளிரவில் அதனை ஊதி அணைப்பவர் எவருமிலர். இச்சையை அணைத்துவிடுவதே விடுதலை என்ற சோப்பன்ஹவருக்கும், இந்த விளக்கைத் தவிர வேறு ஒளியில்லை என்ற நீட்சேக்கும் நடுவே இக்கொள்கை நிற்கின்றது. கான்ற்றின் முடிவற்ற முன்னேற்றத்தில் இருந்த இடைவெளியும் இங்கேதான் அடைபடுகின்றது. உயிர் முன்னேறவேண்டுமாயின் வினை செய்ய வேண்டும். வினை செய்யக் கையும் காலும் வேண்டும். ஆதலால் மீண்டும் உடல் வேண்டும். சரியை நிலையில் கோயிலைக் கூட்டி மெழுகுவதும் பூமாலை தொடுப்பதும் ஆன்ம முன்னேற்றமாக மதிக்கப்படுவதற்கு இதுவே காரணம். உடம்பின்றி எண்ணத்தால் மட்டும் அவற்றைச் செய்யவியலாது.

ஜேர்மன் மொழி மட்டுமே சரளமாக வாசிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தகவலைச் சொல்லிவைக்கலாம். தென்னிந்தியாவில் பணியாற்றிய ஷோமெருஸ் என்ற ஜேர்மனியப் பாதிரியார் தமிழ் மூலங்களைக் கற்று, சைவசித்தாந்தம் பற்றி ஜேர்மன் மொழியில் விரிவான நூலொன்றை 1912ஆம் ஆண்டு லைப்சிக் நகரில் வெளியிட்டார். திருவாசகத்தையும் அவர் மொழிபெயர்த்தார். அது 1923இல் வெளிவந்தது. அவர் கிறிஸ்தவ நோக்கிலே எமது சமயத்தை எடைபோட்டவர் என்பதை மனதிற்கொண்டு அந்நூல்களை வாசிக்க வேண்டும். அங்குள்ள பெரிய பல்கலைக்கழக நூலகங்களில் அவற்றைத் தேடிப்பார்க்கலாம். கான்ற்றின் நூலும் அதே நூலகத்தில், சில அலுமாரிகள் தள்ளி இருக்கும்.